கோப்பில் தொலைந்த ‘ஆம்’

தமிழில் நமக்கு ஒரு சின்ன வசதி இருக்கிறது. நேரில் பார்க்காத, இன்னொருவர் சொல்லிக் கேட்ட விஷயத்தைச் சொல்லும்போது கடைசியில் ஓர் ‘ஆம்’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வந்தாராம், போனாராம், அடித்தாராம். யாரும் யோசித்துச் சேர்ப்பதில்லை. “நான் பார்க்கவில்லை, சொன்னார்கள், அவ்வளவுதான்” என்பதை அந்த ஒற்றை அசை சொல்லிவிடுகிறது.

குழந்தைப் பாதுகாப்பு விசாரணைக் கோப்புகளோடு பல ஆண்டுகள் கிடந்தவள் நான். பேச்சில் இவ்வளவு இயல்பாக வரும் அந்த ‘ஆம்’, தாளில் ஏறும்போது உதிர்ந்துவிடுவதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். அதைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன், இப்போதுதான் முடிந்தது.

ஒரு நான்கு வயதுப் பையன். இடது காதுக்குப் பின்னால் கன்றிப்போன தழும்பு. அந்தக் கோப்பின் முதல் தாள் பாலர் பள்ளி ஆசிரியை கையால் எழுதியது: “காதுக்குப் பின்னாடி நீலமா இருந்தது. கேட்டதுக்குப் பையன் ஒண்ணும் சொல்லலை. அப்பா அடிச்சாராம்னு பக்கத்து வீட்டு அம்மா சொன்னாங்க.” பிரமாதமான குறிப்பு அது. பார்த்தது என்ன, கேட்டது என்ன, யார் வாயிலிருந்து வந்தது என்பதெல்லாம் தனித்தனியாக இருந்தது. இரண்டாவது தாளை எழுதியவர் தொலைபேசியில் தகவல் வாங்கியவர்: “தந்தை அடித்ததாகத் தகவல்.” மூன்றாவது தாள்: “தந்தை குழந்தையை அடித்தது தெரியவந்துள்ளது.” நான்காவது, ஆறு வாரம் கழித்து நடந்த ஆலோசனைக் கூட்டத்துக்கான சுருக்கம்: “தந்தைக்கு வன்முறைப் பின்னணி உண்டு.”

இந்த நான்கு தாள்களுக்கும் நடுவில் புதிதாக ஒரு தகவல்கூட வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவை யாரும் போய்ப் பார்க்கவில்லை. அவர் நேரில் பார்த்தாரா, சுவருக்கு அந்தப்பக்கமிருந்து சத்தம் கேட்டாரா, அவருக்கும் வேறு யாராவது சொன்னார்களா என்று கேட்கவில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் சுருக்கினார், சுருக்கச் சுருக்க வாக்கியம் உறுதியாகிக்கொண்டே போயிற்று. மூன்றாவது தாளை எழுதியது நான்.

தந்தை வீட்டைவிட்டு விலகி இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவரும் இருந்தார். மூன்று மாதம் கழித்து அதே பையனின் முதுகில் புதுக் காயம். அப்போதுதான், பகல் நேரத்தில் அந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறான் என்று முதல்முறையாகக் கேட்டோம். செய்தது யார் என்பது கடைசிவரை நிறுவப்படவில்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் அவன் யார் கையில் அடி வாங்கினானோ அவர் பக்கம் நாங்கள் திரும்பக்கூட இல்லை. எங்களுக்குத்தான் விடை ஏற்கெனவே தெரிந்திருந்ததே.

ஆதாரத்தை நியாயமாக எடைபோட வேண்டும் என்று பேச ஆரம்பித்தாலே, “நீங்கள் அடித்தவன் பக்கம் பேசுகிறீர்கள்” என்று சிலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, எனக்கும் அது இருந்தது. ஆனால் மூன்றாவது தாளில் நான் காட்டிய அவசரத்தால் நஷ்டப்பட்டவர்களில் முதல் ஆள் அந்த நான்கு வயதுப் பையன்.

இந்தத் துறையில் தவறு இரண்டு பக்கமும் நடக்கும். பிரிட்டனில் நடந்த இரண்டு சம்பவங்களை இந்த வேலைக்கு வருகிற யாரிடமும் நான் சேர்த்தே சொல்வேன், தனித்தனியாகச் சொன்னால் ஆபத்து.

1987-இல் இங்கிலாந்தின் வடகிழக்கே கிளீவ்லண்ட் பகுதியில் சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். நிறையக் குழந்தைகள் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டார்கள். பல வழக்குகளில் பெரிய இடம் பிடித்தது ஒரே ஓர் உடல் அறிகுறி. அதை விசாரித்த நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் 1988-இல் கொடுத்த அறிக்கை, அந்த அறிகுறி சந்தேகத்துக்குரியது, மேலும் விசாரிக்க வேண்டியது, ஆனால் அது மட்டும் வன்முறைக்குச் சான்றாகிவிடாது என்றது. பெரும்பாலான குழந்தைகள் பிறகு வீடு திரும்பினார்கள். ஆனால் அதற்குள் அவர்கள் பட்டது பட்டதுதான். குழந்தை ஒரு மனுஷி, ஒரு மனுஷன், நம் கவலையின் பொருள் மட்டும் இல்லை என்ற கருத்தும் அந்த அறிக்கையில்தான் வருகிறது.

இன்னொன்று விக்டோரியா கிளிம்பியே. எட்டு வயது. 2000 பிப்ரவரியில் லண்டனில் இறந்தாள், உடலில் 128 காயங்கள். அதற்கு ஏழு மாதம் முன்பு அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், முதலில் பார்த்த மருத்துவர் யாரோ வேண்டுமென்றே காயப்படுத்தியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். பிறகு வந்த மூத்த மருத்துவர் சிரங்கு என்றார். சிரங்கு என்ற அந்த ஒரு சொல் அங்கே எழுந்த சந்தேகத்தை மூடியது. அவளைத் தன்னோடு வைத்திருந்த, அவள் அப்பாவின் அத்தை முன்னால் அந்தப் பிள்ளை ராணுவ வீரர் மாதிரி விறைத்து நின்றதைக் கேள்விப்பட்ட சமூகப் பணியாளர், அது அவர்கள் பண்பாட்டில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அவள் மரணத்தை விசாரித்து 2003-இல் வந்த லாமிங் பிரபுவின் அறிக்கையில் அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் வரிசையாக வருகின்றன. பன்னிரண்டு. படித்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

கிளீவ்லண்ட் கதை மட்டும் தெரிந்தவர் எதையும் நம்ப மறுக்கிறார், விக்டோரியா கதை மட்டும் தெரிந்தவர் எல்லாவற்றையும் நம்பிவிடுகிறார். எனக்கு இரண்டும் ஒரே தவறாகத்தான் படுகிறது. சீக்கிரம் ஒரு விளக்கம் கிடைத்தது, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்த விளக்கத்துக்குள் மடக்கி வைக்கப்பட்டது. எய்லீன் மன்ரோ என்ற ஆய்வாளர், பிரிட்டனில் 1973 முதல் 1994 வரை வெளியான 45 குழந்தை வன்முறை விசாரணை அறிக்கைகளை எடுத்துப் படித்து 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் கண்ட முக்கியமான குறை இதுதான்: முதலில் எடுத்த முடிவை எதிரான தகவல் வந்த பிறகும் மாற்றிக்கொள்வதில் தாமதம். இன்னொன்றும் சொன்னார். மனதில் பளிச்சென்று படுவதும், அண்மையில் நடந்ததும், உணர்ச்சியைக் கிளப்புவதும் நமக்குப் பெரிய ஆதாரமாகத் தெரிகின்றன. பழைய, வறண்ட, எண்ணாக இருக்கும் ஆதாரம் கண்ணில் படுவதில்லை.

இதை நான் என் கையிலேயே பிடித்துப் பார்த்திருக்கிறேன். வேறொரு குழந்தை, ஒன்றரை வயதுப் பெண். கோப்பில் ஒரு அழுகைத் தொலைபேசி அழைப்பைப் பற்றி மூன்று பக்கம் இருந்தது. அதை எல்லோரும் படித்திருந்தார்கள், ஓரத்தில் கோடு போட்டிருந்தார்கள். அதே கோப்பின் அடியில், மடித்து, ஒரு எடை அட்டை. மாதாமாதம் செவிலியர் வைத்த புள்ளிகள். ஆறாவது மாதம் வரை கோடு நன்றாக ஏறுகிறது, அப்புறம் படுத்துவிடுகிறது, ஒன்பதாவது மாதத்திலிருந்து கீழே இறங்குகிறது. நடுவில் இரண்டே இரண்டு மாதம் நிமிர்ந்திருக்கிறது, அந்த இரண்டு மாதமும் குழந்தை பாட்டி வீட்டில் இருந்தவை. யாரும் பயந்து போய் எழுதியதில்லை அது, யாருடைய கோபமும் அதில் கலந்திருக்கவில்லை. எந்த வாக்குமூலத்தையும்விட அந்த அட்டை அதிகம் பேசியது. மடிப்பு விரியாத மாதிரியே இருந்தது, அதனால்தான் சொல்கிறேன், என்னைத் தவிர அதை வேறு யாரும் பிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

குழந்தையிடம் பேசுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெட்டுப்போவது அங்கேதான். “அப்பா உன்னை அடிச்சாரா?” என்று கேட்டால் விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிடுகிறோம். சின்னப் பிள்ளைக்குப் பெரியவர்கள் எதிர்பார்ப்பது என்ன என்று உடனே பிடிபடும், அதைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அமெரிக்காவில் லைக்ட்மன், செசி என்ற இருவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சாம் ஸ்டோன் என்று ஒருவர் பாலர் வகுப்புக்கு வந்து இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போகிறார். எதையும் தொடவில்லை. ஆனால் அவர் வருவதற்கு முன்பே அவர் கவனமில்லாதவர், கைபட்டதெல்லாம் உடையும் என்று ஒரு பிரிவுக் குழந்தைகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். வந்து போன பிறகு பல வாரம் விட்டுவிட்டு, அவர் கரடி பொம்மையை அழுக்காக்கினார், புத்தகத்தைக் கிழித்தார் என்ற தோரணையில் கேள்வி கேட்டார்கள். கடைசியில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளில் 10-க்கு 7 பேர் வாக்கில், ஆமாம், செய்தார் என்றார்கள். சிலர் விவரமும் சேர்த்துச் சொன்னார்கள்.

இந்த ஆய்வைப் பிடித்துக்கொண்டு “குழந்தைகள் சொல்வதை நம்ப முடியாது” என்று வாதாடுகிறவர்கள் அதன் இன்னொரு பாதியை விட்டுவிடுகிறார்கள். முன்கூட்டி எதுவும் சொல்லப்படாத, தூண்டிவிடப்படாத பிரிவுக் குழந்தைகளிடம் “அன்றைக்கு என்ன நடந்தது?” என்று திறந்து கேட்டபோது கிட்டத்தட்ட எல்லோருமே நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். குழந்தை கெட்ட சாட்சி இல்லை. பெரியவர்கள் கெட்ட கேள்வி கேட்கிறோம்.

மைக்கேல் லாம்பும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் தேசியக் குழந்தை நல ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கிய நேர்காணல் முறை இன்று பல நாடுகளில் பயன்படுகிறது, நான் கற்றதும் அதுதான். முதலில் சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றை, பிறந்தநாள் மாதிரி, முழுசாகச் சொல்ல வைத்துப் பழக்க வேண்டும். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லலாம், நான் தப்பாகச் சொன்னால் திருத்தலாம் என்று குழந்தைக்குச் சொல்ல வேண்டும், அதைச் சோதித்தும் பார்க்க வேண்டும். “உன் பேரு முத்துதானே?” என்று வேண்டுமென்றே தவறாகக் கேட்பேன். “இல்லக்கா, அது என் பேரு இல்ல” என்று அவன் சிரித்துக்கொண்டே திருத்தினால் எனக்கு நிம்மதி வரும், இவனால் என்னை மறுக்க முடிகிறது. அப்புறம்தான் விஷயத்துக்கு வருவது. “நீ என்னைப் பார்க்க எதுக்கு வந்திருக்கேன்னு உனக்குத் தெரியுமா கண்ணா?” அதற்கு மேல் “அப்புறம்?”, “அதைப் பத்தி இன்னும் சொல்லு”. மற்றதெல்லாம் அவன் பேச்சு. மௌனம் வந்தால் காத்திருக்க வேண்டும். இருபது வினாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த இருபது வினாடியைத் தாங்க முடியாமல் நாம் ஒரு கேள்வியை நீட்டிவிடுகிறோம்.

சொன்னதைப் பிள்ளை பிறகு மறுத்துவிட்டால்? உடனே “பொய் சொல்லியிருக்கிறாள்” என்று கோப்பை மூடுவது வழக்கம். அமெரிக்காவில் 2007-இல் வந்த ஓர் ஆய்வில் பாலியல் வன்முறை குறித்து விசாரிக்கப்பட்ட 257 வழக்குகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக் குழந்தைகள் ஒரு கட்டத்தில் சொன்னதை மறுத்திருந்தார்கள். பராமரிக்கிற பெரியவர் தன் பக்கம் நிற்காத குழந்தைகளிடம் அது கூடுதல். ஆக மறுப்பும் ஒரு தகவல், முதலில் சொன்னதும் ஒரு தகவல், நடுவில் அந்தப் பிள்ளையோடு பேசியது யார் என்பது மூன்றாவது தகவல். மூன்றையும் எழுதி வைக்க வேண்டும்.

மருத்துவச் சான்று வந்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அது இரண்டு பக்கமும் ஏமாற்றும். கன்றிய காயத்தின் நிறத்தை வைத்து “இது மூன்று நாள் பழசு” என்று நாள் குறிக்க முடியாது, ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன, ஆனாலும் அறிக்கைகளில் இன்னும் பார்க்கிறேன். மாநிறக் குழந்தைகளின் முதுகிலும் இடுப்பிலும் பிறவியிலேயே வரும் நீலத் திட்டை அடித்த தழும்பு என்று எழுதியவர்கள் உண்டு. எலும்பு எளிதில் முறிகிற பிறவி நோய் உண்டு. இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம், நகரத் தொடங்காத கைக்குழந்தைக்குச் சாதாரணமாகக் கன்றிய காயம் வராது: 1999-இல் வந்த ஓர் ஆய்வில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட 366 குழந்தைகளைப் பார்த்ததில் 2 பேரிடம்தான் இருந்தது. ஆகவே நான்கு மாதக் குழந்தையின் காதில் சின்னக் கன்றல் இருந்தால், ஓடியாடும் மூன்று வயதுப் பிள்ளையின் முழங்காலில் இருக்கும் பத்துக் காயத்தைவிட அதற்குக் கனம் அதிகம். பாலியல் வன்முறையில் பரிசோதனை “இயல்பாக உள்ளது” என்று வந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள் ஆகாது. குற்றவாளிக்குத் தண்டனை உறுதியான வழக்குகளின் 236 குழந்தைகளை ஆராய்ந்து 1994-இல் ஜாய்ஸ் ஆடம்ஸும் மற்றவர்களும் எழுதிய கட்டுரையில் தெளிவான மாறுபாடு தெரிந்தது 14 விழுக்காட்டினரிடம் மட்டும்.

ஓர் அறிகுறி எவ்வளவு கனம் என்று கேட்கும்போது நாம் ஒரு கணக்கை மறக்கிறோம். சும்மா ஒரு எடுத்துக்காட்டுக்கு: ஆயிரம் குழந்தைகள், அவர்களில் பத்துப் பேர் அடிபடுகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறிகுறி அடிபடும் பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் இருக்கிறது, மற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரிடம் மட்டும் இருக்கிறது. கேட்கும்போது அருமையான அறிகுறி. ஆனால் மற்ற 990 பேரில் பத்து விழுக்காடு என்றால் 99. அறிகுறி உள்ள 108 குழந்தைகளில் உண்மையில் அடிபடுபவர்கள் 9 பேர். அந்த அறிகுறி கதவைத் தட்டிப் பார்க்கப் போதும், தீர்ப்பு எழுதப் போதாது. எண்ணைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு சாலி கிளார்க் வழக்கு இருக்கிறது. இரண்டு கைக்குழந்தைகளை இழந்த தாய், 1999-இல் அவர்களைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். ஒரே குடும்பத்தில் இரண்டு திடீர் மரணம் இயற்கையாக நடக்க வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று நீதிமன்றத்தில் ஒரு நிபுணர் சொன்னார். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை அப்படி இறக்க வாய்ப்பு 8,543-இல் ஒன்று என்பதை அதோடே பெருக்கி எடுத்த எண் அது. ஒரு வீட்டின் இரண்டு குழந்தைகளுக்கும் மரபணு பொது, சூழல் பொது, அப்படிப் பெருக்கவே கூடாது. போதாக்குறைக்கு, ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வது எவ்வளவு அரிது என்ற எதிர்க் கேள்வியை யாரும் கேட்கவில்லை. 2001-இல் பிரிட்டனின் ராயல் புள்ளியியல் சங்கமே வெளிப்படையாகத் தவறு என்று அறிவித்தது. 2003-இல் விடுதலையானார், 2007-இல் இறந்துவிட்டார்.

“சரி, இவ்வளவும் யோசித்துக்கொண்டிருந்தால் அதற்குள் பிள்ளை செத்துப்போகுமே” என்று ஒரு மேற்பார்வையாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி, விக்டோரியாவை நினைத்தால் அதைத் தள்ள முடியாது. என் பதில் இதுதான். இன்றிரவு என்ன செய்வது என்பது ஒரு கேள்வி, நடந்தது என்ன என்பது வேறு கேள்வி. இன்றிரவுக்கு நியாயமான சந்தேகம் போதும், சட்டங்களும் பெரும்பாலும் அப்படித்தான் வைத்திருக்கின்றன. பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள், நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் நாளைக் காலையில் அந்த நடவடிக்கையே ஆதாரமாகிவிடக் கூடாது. “எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றால் ஏதோ இருந்திருக்கும்” என்று பள்ளி நினைக்கிறது, மருத்துவர் நினைக்கிறார், நாங்களே நினைக்கிறோம். எங்கள் முடிவு ஊரைச் சுற்றி எங்களிடமே சாட்சியாக வந்து சேருகிறது.

நடந்தது என்ன என்ற கேள்விக்கு அளவுகோல் வேறு. இங்கிலாந்தில் 2008-இல் ஒரு குழந்தைப் பாதுகாப்பு வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தெளிவாகச் சொன்னது: எது அதிக வாய்ப்புள்ளது என்று பார்த்து, நடந்தது அல்லது நடக்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டும், ‘நடந்திருக்கலாம்’ என்று நடுவில் நிற்கக் கூடாது. நிரூபணமாகாத பத்துச் சந்தேகத்தைக் கூட்டினாலும் ஒரு நிரூபணம் ஆகாது. எங்கள் கோப்புகளில் அந்தக் கூட்டல்தான் நடக்கிறது.

வினைச்சொற்களையும் சொல்ல வேண்டும். ஒரே வாயிலிருந்து வந்த ஒரே வாக்கியத்தை “சொன்னார்” என்றும் எழுதலாம், “சாதித்தார்”, “மழுப்பினார்”, “ஒப்புக்கொண்டார்” என்றும் எழுதலாம். ஒவ்வொன்றிலும் ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. எங்களுக்குப் பிடிக்காதவர் எப்போதும் சாதிப்பார், பிடித்தவர் சொல்வார். தாய் அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சம். இப்போது நான் எழுதும் எந்த அறிக்கையிலும் “சொன்னார்” தவிர வேறு வினை கிடையாது. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டு, இடதுபக்கம் தகவல், வலதுபக்கம் அதைப் பார்த்தவர் யார், கேட்டவர் யார், எந்தத் தேதி, எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்று எழுதுகிறேன். வலதுபக்கம் காலியாக இருந்தால் அது கோப்புக்குள் போகாது. இன்னொரு பழக்கமும் உண்டு. முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் ஒரு கேள்வி எழுதி அதற்குப் பதில் எழுதுவேன்: நான் நினைப்பது தவறாக இருந்தால் இந்த வீட்டில் என்ன பார்ப்பேன்? அதைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்து.

அந்த நான்கு வயதுப் பையனின் தந்தை, எல்லாம் முடிந்து இரண்டு வருடம் கழித்து, கோப்பைப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். அறையில் நானும் இருந்தேன், இருந்தாக வேண்டும் என்பது விதி. அவர் கடைசித் தாளிலிருந்து படிக்க ஆரம்பித்தார். வன்முறைப் பின்னணி என்ற வரியில் விரலை வைத்து, “மேடம், இதை யாரு பார்த்தது?” என்றார். சத்தம் போடவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினேன், என் எழுத்து வந்தது, அதையும் தாண்டி, ஆசிரியையின் கையெழுத்துத் தாள் வரை. அவர் அதை வாய்விட்டுப் படித்தார், எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாக. “அப்பா… அடிச்சாராம்னு…” அங்கே நிறுத்தி, அந்தச் சொல்லின் கடைசியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அடுத்த தாளைப் புரட்டினார்.